சிவனுக்கு ஆகாத பன்னீர்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊரில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மேற்கே காடெல்லாம் கடந்து வருகிற அந்தக் காற்று துறைமுகத்தை எட்டும்போது அனலாக இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்து விறைத்துவிடும். எனக்கு மற்ற மாதங்களிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பெயர். ஆகவே கச்சான் காலத்தில் என்னோடு யாரும் வலிய வந்து கதை வைப்பதில்லை. அக்கா மட்டும் வைப்பார். அந்த வருடமும் வைத்தார்.

நான் பின்வளவில், என் செடிகளுக்கு நடுவே, அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தேன். அடுப்பில் ஒரு பெரிய குக்கர். அதன் விசில் இருந்த இடத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டு, ஒரு பெயின்ற் வாளிக்குள் சுருண்டு கிடக்கும் செப்புக் குழாயில் போய்ச் சேரும். வாளி நிறையத் தண்ணீர். குக்கருக்குள் வெட்டிவேர் கொதிக்க, ஆவி குழாய் வழியாகப் போய்ச் சுருளில் குளிர்ந்து, வாளியின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் போத்தலில் விழும். அந்தச் சொட்டுத்தான் என் வாசனைத் தண்ணீர். செய்து தந்தவர் என் கணவர். அவர் குளிரூட்டி திருத்துகிறவர். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் அறைகளும் ஊரில் உள்ள ஃபிரிட்ஜுகளும் அவர் கைபட்டுத்தான் ஓடுகின்றன. செப்புச் சுருளைப் பழைய ஏசி ஒன்றிலிருந்து கழற்றினார்.

வாளியும் சுருளும் கண்ட நாளிலிருந்து தெருவில் ஒரு பேச்சு, நாங்கள் கசிப்பு, கள்ளச்சாராயம் காய்ச்சுகிறோம் என்று. என் கணவர் அதை மறுக்கவே இல்லை. "ஓம், காய்ச்சிறம். குடிச்சா விடுற ஏவறையும் வெட்டிவேர் மணக்கும்" என்று சந்தியில் நின்று சொல்லிவிட்டு வந்தார். அவரோடு குடும்பம் நடத்துவது இப்படித்தான்.

அக்கா தன் வீட்டுப் பின்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"திருவெம்பாவை முடிய மேசன் வாறான். ரெண்டு அறை போடப்போறன். துறைமுகம் தெரியிற மாதிரிப் போட்டா வெள்ளைக்காரருக்கு விடலாம்."

"எதில போடப்போறீங்கள்?"

"நீ இருக்கிற இடத்தில."

இதை விளக்கவேண்டும். அக்காவின் வீடும் என் வீடும் பக்கத்துப் பக்கத்தில். அம்மா எங்கள் இருவருக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த காணி. என் பக்கம் முழுக்கக் கருங்கல். வீட்டைக் கட்டியபின் ஒரு முருங்கைக்குக்கூட இடமில்லை. அக்காவின் பக்கம் நல்ல மண், கிணறு, வளவின் அடியில் உள்துறைமுகத்துத் தண்ணீர் வரைக்கும் சரிவு. என் செடிகள் ஒவ்வொன்றாக வேலியைத் தாண்டி அந்த மண்ணுக்குப் போய், பல வருடங்களில் அதை முழுதாகப் பிடித்துக்கொண்டன. பன்னீர் ரோசா, மல்லிகை, துளசி, மருக்கொழுந்து, எலுமிச்சைப் புல், வெட்டிவேர், நான் யாரிடமெல்லாமோ கெஞ்சி வாங்கிய கன்றுகள். அக்கா ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டப்படி மண் அக்காவுடையது. அறை கட்ட அக்காவுக்கு முழு உரிமை இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். அக்கா பிழையாக ஏதாவது செய்திருந்தால் நான் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன்.

அக்காவின் கணவர், அத்தான், இறந்துவிட்டார். பிள்ளைகள் கனடாவில். அக்காவுக்கு அறைகளால் வருமானம் தேவை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏதோ தேவை இருந்தது. அது என்னவென்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. என் கண்ணுக்குச் செடிகள் மட்டும்தான் தெரிந்தன.

இரவு சாப்பிடும்போது என் கணவர் சொன்னார், "உன்ர அக்கான்ர வளவில பூவரசைத் தறிச்சவ, கமுகைத் தறிச்சவ. வில்வத்தைத் தறிச்சவவோ? அரளியைத் தறிச்சவவோ?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கோயிலுக்கு ஆகிற எதன்மீதும் அக்கா கத்தி வைக்கமாட்டார். வில்வமும் அரளியும் நந்தியாவட்டையும் அந்த வளவில் மகாராணிகள். என் செடிகளையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டால் மேசன் வேறு இடம் பார்க்கத்தான் வேண்டும். மார்கழித் திருவெம்பாவையில் ஒரு நாள் உபயம் எங்கள் குடும்பத்துடையது. அன்றைய அபிஷேகத்துக்குப் பாலிலிருந்து பன்னீர் வரை எல்லாம் நாங்கள்தான் கொடுக்கவேண்டும். வருடா வருடம் கடைப் பன்னீர்தான் போகும். திறந்தால் மூக்கில் குத்தும்.

காலையில் அக்காவிடம் போய்ச் சொன்னேன், "இந்த முறை உபயத்துப் பன்னீர் என்ர. இந்த வளவுப் பூவில வடிக்கிறன். அது சிவன்ர தலையில விழுந்தா, என்ர செடியும் கோயில் செடிதானே?"

"விழட்டும் பாப்பம்" என்றார் அக்கா. அது சம்மதம்தான்.

அந்த வருடம் நான் உழைத்த மாதிரி என் வாழ்க்கையில் உழைத்ததில்லை. கச்சானில் வடிப்பதே பெரும்பாடு. வாளித் தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே கொதித்துவிடும். சுருள் குளிராது. ஆவி தண்ணீராக மாறாமல் போத்தலின் வாயால் புகையாகப் போய்விடும். பாடுபட்டுப் பறித்த பூ காற்றோடு போவதைப் பார்க்க வயிறு எரியும். என் கணவர் துறைமுகத்திலிருந்து ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து வாளிக்குள் போடுவார். மீன் ஐஸ்தான். ஆனால் அது சுருளுக்கு வெளியே நிற்பது. உள்ளே போகிற ஆவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் கொஞ்ச நாள் எங்கள் பின்வளவில் வெட்டிவேர் வாசமும் பாரை மீன் வாசமும் ஒன்றாக அடித்தன. தெருப் பூனைகள் எல்லாம் என் சிஷ்யைகளாகிவிட்டன.

மல்லிகை பூத்துக் கொட்டுவதும் அந்த வெயிலில்தான். ஆனால் மல்லிகை ஆவிக்கு அகப்படாத பூ. கொதிக்கவைத்தால் அவிந்த கீரை வாசம் வரும். அதை நல்லெண்ணெயில் ஊறவிடவேண்டும். ஒவ்வொரு மாலையும் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதிய பூவைப் போட்டு, எண்ணெயே மல்லிகையாகும் வரை மாற்றிக்கொண்டிருக்கவேண்டும். அந்த எண்ணெயில் ஒரு துளியை மணிக்கட்டில் தடவிக்கொண்டு வங்கிக்குப் போனால் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தத் திரும்பிப் பார்த்தல் பிடிக்கும். அதில் என்ன வெட்கம்?

ஐப்பசியில் மழை இறங்கியது. மழைக்குப் பிறகு வாடைக்காற்று கடலிலிருந்து வந்தது. கிணறு நிரம்பி, தண்ணீர் கையை வைத்தால் சிலிர்க்கிற குளிரில் இருந்தது. ஐஸ் தேவையில்லை. சுருளுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ரோசாவுக்குத்தான் கெட்ட காலம். மழை பட்ட இதழில் வாசம் பாதிதான் நிற்கும். நான் செடிகளுக்கு மேல் பொலித்தீன் கட்டினேன். குடையைப் பிடித்துக்கொண்டு ரோசாவுக்கு முன்னால் நின்றேன். "மனிசனுக்கு ஒரு நாளும் குடை பிடிச்சதில்லை" என்று ஜன்னலுக்குள் இருந்து என் கணவரின் குரல் வந்தது.

அந்த மழை நாட்களில்தான் மேசன் அளவெடுக்க வந்தான். வளவின் அடியில், கண்டல் மரங்கள் தொடங்குகிற ஈரத்தில், ஒரு தாழம்பூப் பற்றை இருக்கிறது. எங்கள் காணியில் யாரும் நடாமல் வந்த செடி அது ஒன்றுதான். பாம்பு குடியிருக்கும் என்று அக்கா அந்தப் பக்கமே போவதில்லை. அறைக்கு அத்திவாரம் போட முதலில் வெட்டவேண்டியதும் அதுதான். மேசன் நூல் பிடிக்க வழியில்லாமல் ஒரு கிளையை வெட்டி எறிந்துவிட்டுப் போனான். போய்ப் பார்த்தேன். முள்ளுக்கு நடுவே ஒரு பூ, வெளிறிய மஞ்சளில் நீட்டு நீட்டு மடல்களோடு, அன்றைக்குத்தான் விரிந்திருந்தது. எங்கள் பெண்கள் அதன் மடலை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைப்பார்கள். நான் ஒரு மடலை அலுமாரியில் வைத்தேன். மிச்சத்தைச் சும்மா விட மனமில்லாமல் குக்கருக்குள் போட்டேன். வந்த தண்ணீரில் தலையைச் சுற்றவைக்கிற வாசம். ஒரு சின்னப் போத்தலில் அடைத்துவிட்டு, குக்கரையும் சுருளையும் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினேன். நன்றாகத்தான் கழுவினேன். இன்றைக்கும் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

பிறகு ரோசா. உபயத்துக்கு முந்தின கிழமை முழுக்கச் சேர்த்த இதழ்கள். அக்கா அன்று நான் அடுப்பு மூட்டுவதற்கு முன் வந்து, ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"சாமிக்குப் போறது. மணந்து பாத்துப்போடாதை."

சாமிக்கு வைக்கிற பூவை நாம் முகரக்கூடாது. முகர்ந்தால் அது எச்சில். சின்ன வயதிலிருந்தே எங்கள் கைக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற சட்டம் இது. ஆனால் வாசனை வடிக்கிறவளுக்கு மூக்கைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. எப்போது நல்ல தண்ணீர் வருகிறது, எப்போது நிறுத்தவேண்டும் என்று நான் சொட்டுக்குச் சொட்டு முகர்ந்துதான் அறிவேன். அன்றைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துணியால் கட்டிக்கொண்டேன். கண்ணால் பார்த்து, கையால் வாளியின் சூட்டைத் தொட்டு, மனக்கணக்கில் நிறுத்தினேன். போத்தல் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. பக்தியில் எனக்குக் கண் கலங்கியது. வருடம் முழுக்க மூக்கால் பிழைத்தவள் அந்த ஒரு நாள் மூக்கைக் கட்டினேன்.

உபயத்தன்று விடியற்காலையில் மழைத்தூறலில் கோயிலுக்குப் போனோம். அக்கா பட்டுச்சேலை. நான் போத்தலைக் கைக்குழந்தையைப் போலப் பிடித்திருந்தேன். பாலாபிஷேகம் முடிந்தது, தயிர், தேன், சந்தனம் முடிந்தது. குருக்கள் என் பன்னீரின் மூடியைத் திறந்தார். அவ்வளவுதான் செய்தார். முகரவில்லை, முகரவேண்டியதும் இல்லை. அந்தச் சின்ன மண்டபம் முழுவதும் தாழம்பூ எழும்பி நின்றது. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தித் திரும்பிப் பார்த்தார்.

தாழம்பூ சிவனுக்கு ஆகாது என்று எங்களில் தெரியாதவர்கள் இல்லை. முடியைக் கண்டேன் என்று பிரமன் சொன்ன பொய்க்குச் சாட்சி சொன்ன பூ. இனி உன்னை என் பூசைக்கு எடுக்கமாட்டேன் என்று சிவனே சொன்ன பூ.

குருக்கள் மூடியைத் திருகி, போத்தலை என்னிடம் நீட்டினார். "அம்மா, இது தாழம்பூவெல்லே. வீட்டில வைச்சுப் பாவியுங்கோ" என்று மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னது இன்னும் சுட்டது. பிறகு கோயிலில் இருந்த கடைப் பன்னீரை எடுத்து ஊற்றினார். அக்கா நேரே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டு வாசலில் வைத்து ஒரு வசனம் சொன்னார். "பொங்கல் கழிய அத்திவாரம் வெட்டுறது."

"மணந்து பாக்க விட்டிருந்தா இது நடந்திருக்குமோ?" என்றேன்.

"தாழம்பூவைக் காய்ச்சினது நானோ?"

என் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, நன்றாக அழுதேன். செடிகள் போகப்போகின்றன என்பதற்காக மட்டுமல்ல. என் தொழிலில் நான் தோற்றுப்போனதை ஊர் முழுக்க முகர்ந்துவிட்டதே என்று அழுதேன். என் கணவர் கதவடியில் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்த பன்னீர் எண்டு ஒரு மதிப்பு இருக்குத்தானே" என்றார். கோப்பையை எடுத்து எறியாமல் விட்டதுதான் அன்றைக்கு நான் செய்த புண்ணியம்.

அழுகை முடிந்தபின் எனக்குள் பிடிவாதம் ஏறியது. ரோசாவுக்குள் தாழம்பூ எப்படிப் புகுந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும். குக்கரில் வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒன்றும் போடாமல், அடுப்பை மூட்டினேன். முதல் சொட்டு விழுந்தது. துணி இல்லாத மூக்கோடு குனிந்தேன். தாழம்பூ. பூவே இல்லாத தண்ணீரில் பூத்துக்கிடந்தது. ரப்பர் குழாயைக் கழற்றி முகர்ந்தேன். அதுதான் கள்ளன். குக்கரையும் செம்பையும் தேய்த்துக் கழுவியவள், ரப்பரை அலசி மட்டும் விட்டிருக்கிறேன். மற்ற எந்தப் பூவும் இந்த வேலையைச் செய்யாது. வெட்டிவேர்கூட ஓர் அலசலில் போய்விடும். இந்தப் பூ ரப்பருக்குள் போய்க் குடியிருந்திருக்கிறது.

நான் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் வேலிப்பக்கம் ஒரு குரல் கேட்டது.

"தங்கச்சி, இதென்ன வாசம்? எங்க இருந்து வருது?"

பாலத்துக்கு அந்தப்பக்கம் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்; ஊருக்கெல்லாம் அவர் ராத்தா, அதாவது அக்கா. கலியாண வீடுகளுக்குச் சகன் சோறு ஆக்கிக் கொடுப்பவர். நாலைந்து பேர் சுற்றியிருந்து சகன் என்கிற ஒரே பெரிய தட்டில் சாப்பிடுகிற அந்தப் புரியாணிக்கு அக்கரைப்பக்கம் முழுக்க அவர் கைதான். இறைச்சி வைக்கிற அவருடைய பெரிய ஃபிரீசர் பழுதாகி என் கணவரைத் தேடி வந்திருந்தார். அவரை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த பார்வை. வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தவரின் பார்வை.

"வெறும் தண்ணி ராத்தா," என்றேன் எரிச்சலோடு. "குழாய் மணக்குது."

அவர் போத்தலை வாங்கி, கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு அடுப்படியிலேயே குந்திவிட்டார்.

"நான் சவூதியில வேலை செஞ்ச வீட்டில ஒரு இந்தியாக்காரச் சமையல்காரர் இரிந்தார். சோத்துக்குத் தம் போட முன்ன இந்தத் தண்ணியத்தான் தெளிப்பார். மூடியைத் திறந்தா வீடே நிண்டு பாக்கும். வந்த நாள்ல இருந்து தேடுறன். கடையில இரிக்கிற எசன்சைப் போட்டாச் சோறு சவர்க்காரம் மணக்கும். இது என்ன பூ?"

அலுமாரியைத் திறந்து காய்ந்த மடலைக் காட்டினேன். அதோடு, அன்றைக்கு விடியற்காலையில் திரும்பி வந்த போத்தலையும் காட்டி, கதை முழுவதையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, "சாமிக்கு ஆகா எண்டாச் சரி. சோத்துக்கு ஆகுமா ஆகாதா?" என்று கேட்டார்.

"சோத்துக்கு ஒரு தடையும் இல்லை."

"அப்ப எனக்கு வேணும். தை கழிய என்ட சின்ன மகள்ட கலியாணம். ஊருக்கெல்லாம் ஆக்கிக் குடுத்தன், என்ட புள்ளைக்கு நல்லா ஆக்கவேணும். செடி எங்க நிக்குது?"

"அக்கான்ர பக்கம். பொங்கலோட வெட்டப்போறா."

அவர் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நேரே அக்கா வீட்டுப் பின்படியை நோக்கி நடந்தார். தடுக்க நினைத்தேன். பிறகு, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அக்கா கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணீர் வந்தது. கொஞ்சத்தால் பொரிவிளாங்காய் வந்தது. எனக்கு ஒளித்து வைத்திருந்த பொரிவிளாங்காய். அத்தானின் படத்தைக் காட்டினார், கனடாப் பேரப்பிள்ளைகளைப் போனில் காட்டினார். அக்கா சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை நான் எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அறைகள் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குள் யாராவது வந்துபோகவேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் நான் இருந்தேன், அடுப்புக்கும் வாளிக்கும் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு.

மாலையில் அக்கா வேலிக்கு வந்தார். "கலியாணம் எண்டு கேட்டு வந்தவைக்கு இல்லையெண்டு சொல்லக்கூடாது. கலியாணம் முடியட்டும். அதுக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை வரச்சொல்லி மேசனுக்குச் சொல்லியாச்சு."

தவணைதான் கிடைத்தது. ஆனாலும் வேலையைத் தொடங்கினேன்.

புதுக் குழாய் வாங்கி, பழையதைத் தாழம்பூவுக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். பூ விரிகிற காலைகளில் என் கணவர் தடித்த கையுறை போட்டு, கொக்கத்தடியோடு பற்றைக்குள் இறங்குவார். முள் அவரைக் கீறாத இடமில்லை. பாம்பு ஒன்றையும் காணவில்லை. காணாத பாம்பைப் பற்றி அவர் தினமும் புதிதாக ஒரு கதை சொன்னார். முதல் நாள் அக்கா படியில் நின்றபடி "மெல்ல, மெல்ல" என்று கத்தினார். அடுத்த முறை கதிரையை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார். புகை கண்ணில் படுகிறது என்று குறைசொன்னார். ஆனால் எழும்பவில்லை.

தாழம்பூவின் தண்ணீர் முதலில் வருவதுதான் தங்கம். கொஞ்ச நேரத்தில் ஒரு வைக்கோல் வாசம் கலக்கத் தொடங்கும். அதற்குமுன் நிறுத்தவேண்டும். நான் போத்தலுக்குக் குனிந்து முகர்ந்துகொண்டிருக்க, அக்கா கதிரையில் இருந்தபடியே, "காணும். எடு" என்றார்.

"இன்னும் நல்லாத்தான் வருது."

"காணும் எண்டுறன்."

எடுத்தேன். அடுத்து விழுந்த சொட்டை முகர்ந்தேன். வைக்கோல். எனக்கு அக்காவைத் திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், பெரிய சந்தோசமாகவும் இருந்தது. எங்கள் வீட்டில் மூக்கு எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து நெருப்பு என் பொறுப்பு, நிறுத்துவது அக்காவின் பொறுப்பு. ஒரு நாள் அவர் தன் அலுமாரியைத் திறந்தபோது உள்ளே சேலைகளுக்கு நடுவே மடல்கள் தெரிந்தன. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மேசனைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் "ஓம், திங்கட்கிழமை வாறான்" என்று வரும் என்று பயம்.

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முச்சக்கர வண்டியில் பாலத்தைக் கடந்து போனோம். அக்கா திருவெம்பாவைக்கு உடுத்திய அதே பட்டுச்சேலை. போத்தல்களை முதல் நாளே அனுப்பியிருந்தோம். பெண்கள் பக்கத்தில் பாய்கள் விரித்து, சகனைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக எல்லோரும் இருந்தார்கள். ராத்தா எங்களுக்கு மாட்டிறைச்சி படாத கோழிப் புரியாணியில் தனிச் சட்டி ஏற்றி, தனித்தனிச் சாப்பாட்டுக் கோப்பையும் வைத்திருந்தார். எங்களை நடுவில் கொண்டுபோய் இருத்தினார். அது மரியாதை மட்டுமல்ல, நடக்கப்போவதை நாங்கள் பார்க்கவேண்டும் என்றுதான்.

சகன்கள் மூடியோடு வந்து இறங்கின. ராத்தா சைகை காட்ட, எல்லா மூடிகளும் ஒன்றாகத் திறந்தன. நெய்யும் ஏலக்காயும் இறைச்சியும் முதலில் வந்தன. அவற்றுக்கு மேலே, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, எங்கள் வளவின் அடியில் கண்டல் ஈரத்தில் நிற்கிற அந்தப் பூ வந்தது. பேச்சுச் சத்தம் விழுந்துபோயிற்று. பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ "மாஷா அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் எழும்பி நின்ற அதே வாசம்தான். ஆனால் இங்கே யாரும் மூடியைத் திருகித் திருப்பித் தரவில்லை. எழுந்து நின்று, நான்தான், நான்தான் வடித்தேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது.

கத்தத் தேவை வரவில்லை. ராத்தா ஒவ்வொரு பாயாகப் போய் எங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பக்கத்துப் பெண் ஒருவர், கழுத்து நிறைய நகையோடு, எங்களிடம் வந்து குந்தினார். இருவரில் மூத்தவர் என்று அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்ட மூத்தவளுக்கு வாற வருசம் கலியாணம் பேசி இரிக்கம். அப்பவும் இந்தத் தண்ணி கிடைக்குமா?"

விடிந்தால் திங்கட்கிழமை. மேசன் மண்வெட்டியோடு வருகிற திங்கட்கிழமை. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தேன். கை ஒரு பிடி சோற்றை நிதானமாக எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது. மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, பிறகு அக்கா சொன்னார்.

"மாரி பெய்தாப் பூக்கும். பூத்தா வாங்கோ. நாங்கள் அங்கதானே இருப்பம்."

அந்தப் பெண் சந்தோசமாக எழுந்து போனார். எனக்குக் கண் நிறைந்து, முன்னால் இருந்த கோப்பை தெரியவில்லை.

"அக்கா, நாளைக்கு மேசன்..."

"அவனுக்கு முன்பக்கத்து மதில் இடிஞ்சு கிடக்குது, அதைக் கட்டச்சொல்லுவம்," என்றார் அக்கா. "வீட்டுக்கு ஆக்கள் வரப்போகினம். நீ சாப்பிடு, சோறு ஆறுது."

நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.